மூன்று ஊர் ராகு காலம்

என் அக்காவுக்கு நான் செய்த துரோகம் ஒரு கூட்டல் கணக்கு. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெரியாமல் கூட்டினேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை, தெரிந்துதான் கூட்டினேன். பேரப்பிள்ளை கண்ட பிறகும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில் லா சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, படிக்கப் போன இடத்திலேயே தங்கிவிட்டவர். இங்கிலாந்தில் யோர்க் என்ற பழைய நகரத்தில் மாமியோடு இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மாமாவின் கடிதங்களில் மனிதர்களைவிடக் கட்டடங்கள்தான் அதிகம். அவருடைய நகரத்தைச் சுற்றி ஒரு கல்மதில் இருந்தது. அதன்மேல் ஏறி ஊரைச் சுற்றி நடக்கலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அங்கே ஒரு தெரு இருந்தது. அதன் இந்தப் பக்க மாடியிலிருந்து கையை நீட்டி எதிர்வீட்டில் உப்பு வாங்கலாம் என்று எழுதியிருந்தார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப சண்டை பிடிக்கவும் வசதிதான்" என்றார்.

ஒருமுறை வந்த கடிதத்தில் கட்டடமே இல்லை. அக்காவைத் தங்களிடம் அனுப்பச் சொல்லியிருந்தார். அக்காவுக்குப் பதினாறு வயது. ஊரில் வகுப்பில் முதலாவதாக வந்தவளை, பிரெஞ்சு தெரியாது என்ற குற்றத்துக்காக இங்கே என் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். யோர்க்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் இருந்தது. தலைமை ஆசிரியை அவளுடைய ஆங்கிலத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு முடிவு சொல்வார். புதன்கிழமை அவர்கள் நேரம் மூன்றரைக்கு நாங்கள் தொலைபேசி எடுக்க வேண்டும். நான்கு மணி வரை அறையில் இருப்பார். இதைத் தவறவிட்டால் வேறு இடம் கிடைக்காது என்று மாமா கீழே கோடு போட்டிருந்தார்.

அக்கா மதிலில் நடக்கப் போகிறாள், நான் ஆறு மாடி ஏறப் போகிறேன். என் மனதில் இருந்தது அவ்வளவுதான். அதைப் பொறாமை என்று அழைக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி ராகு காலத்துக்கு வருகிறேன். அப்பா நல்ல காரியம் எதையும் ராகு காலத்தில் தொடங்கமாட்டார். பாரிஸுக்கு வந்த புதிதில் இவ்வூர் நேரப்படி ராகுவைத் தவிர்த்துவிட்டு விசா அலுவலாகப் போனார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாதகம் எழுதியது யாழ்ப்பாணத்தில், ஆகவே ராகுவும் யாழ்ப்பாண மணிக்கூட்டைத்தான் பார்ப்பார் என்று அப்பா முடிவு செய்தார். ஆனால் பாரிஸ் ராகுவை முற்றாகப் பகைத்துக்கொள்ளவும் பயம். இப்போது யோர்க் ராகுவும் சேர்ந்துகொண்டார். மூவரையும் விலக்கினால், ஒரு நாளில் தும்முவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று ஊர் நேரத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை.

லா சப்பலில் ஒரு பழுதான தொலைபேசிக் கூண்டு இருந்தது. அதில் காசு போடாமலே உலகம் முழுவதும் பேசலாம். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்கும்வரை எங்கள் சனம் வரிசையில் நின்று பேசித் தீர்த்தது. அந்தப் புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை; அப்பாவுக்கு ஆறரை வரை இடைவேளை. நான்கு மணிக்கே போய் வரிசையில் நின்றோம். அக்கா ஆங்கில வசனங்கள் எழுதிய தாளைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குளிரில் அவள் ஆங்கிலம் புகையாக வந்தது.

எங்கள் முறை நெருங்கும்போது அப்பா என்னைக் கேட்டார்.

"தம்பி, புதன் ராகு ஊரிலை பன்னிரண்டிலையிருந்து ஒண்டரை. இஞ்சை எத்தினை மணி?"

ஊர் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னே. காலை ஏழரை முதல் ஒன்பது வரை. ராகு எப்போதோ எழுந்து போய்விட்டார். நான் சொன்னேன்:

"நாலரையிலையிருந்து ஆறு."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அப்பா."

அப்பா நெற்றியைத் தடவினார். யோர்க்கில் மூன்றரை என்பது எங்களுக்குச் சரியாக நாலரை. "அவ நாலு மணிவரைதானே இருப்பன் எண்டு சொன்னவ" என்று நான் மெதுவாக நினைவுபடுத்தினேன், நல்ல பிள்ளைபோல.

"உது சும்மா சொல்லுறது. எங்கடை ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் அந்த வளவிலைதானே குடியிருந்தவர். இவ எங்கை போகப்போறா? ஆறு மணிக்கு எடுப்பம்."

எங்கள் முறை வந்தது. அப்பா பின்னால் நின்ற பெடியனிடம், "நீர் எடும் தம்பி, நாங்கள் ஆறுதலா எடுக்கிறம்" என்றார். அடுத்தவருக்கும் அதையே சொன்னார். "உங்களை மாதிரி ஆக்கள் இஞ்சை குறைவு அண்ணை" என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அன்று லா சப்பலில் பெரிய மனிதரானார்.

முதலில் போன பெடியன் கூண்டுக் கதவைச் சாத்தவில்லை. கொழும்பிலிருந்த தாயோடு கத்திப் பேசினான்.

"என்னணை, படுத்திட்டியளே? ... ஓமோம், அங்கை இரவு ஒன்பது மணியெண்டு தெரியும். இஞ்சை இப்பத்தான் நாலரை."

ஊரில் இரவு ஒன்பது என்றால், நான் சொன்ன நண்பகல் ராகு அங்கே சாப்பிட்டுப் படுத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. பின்னால் நின்றவரோடு வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் முணுமுணுப்பு மட்டும் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். குளிருது போலிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மாமாவுக்கு எடுத்தோம். அவர் குரல் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"அந்த மனிசி நாலு மணிவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவவாம் அத்தான். பிள்ளைக்கு விருப்பமில்லையெண்டு நினைச்சு இடத்தை வேறை ஆருக்கோ குடுத்திட்டா."

"ராகு காலம் மச்சான், என்ன செய்யிறது?"

"இஞ்சை ராகு இல்லை அத்தான், மழைதான் இருக்குது."

அடுத்த வருடம் அக்கா ஒபர்வில்லியேயில் ஒரு தையற்கூடத்தில் சேர்ந்தாள். பத்தொன்பது வருடம் சட்டைக் கழுத்துப்பட்டி தைத்தாள். இப்போது ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறாள். கண் பார்வை குறைவு. அப்பா கடைசிவரை, ராகு காலத்தில் பேசியிருந்தால் பிள்ளைக்கு அங்கே ஏதாவது நடந்திருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் பக்கத்திலிருந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

அந்தப் புதன்கிழமை அப்பா கூண்டடியிலிருந்து அப்படியே வேலைக்குப் போய்விட்டார். அக்காவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள்:

"இனி அப்பாவுக்கு நேரம் நான் பாத்துச் சொல்லுறன். நீ பாக்க வேண்டாம்."

ஒரு வேலை குறைந்தது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.