சொறிமுட்டைக்கு முன்னால் செபமாலை

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் குடியிருக்கும் ஒஸ்வால்ட், துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தவர். செய்த வேலையைவிட ஏசிய ஏச்சு அதிகம். பஸ் பிந்தினால் ஏசுவார், பாண் கருகினால் ஏசுவார், பூசையில் பிரசங்கம் நீண்டால் வாய்க்குள்ளேயே ஏசுவார். மகன் றொஹான் வங்கி வேலையை உதறிவிட்டு வெள்ளவத்தையில் வீட்டு அலங்காரக் கடை போட்டபோது ஏசிய ஏச்சில், பொடியன் வீட்டை விட்டே போய்விட்டான். இரண்டு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வருடமும் ஒஸ்வால்டுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

போன ஒக்டோபரில் றொஹான் பெட்டியோடு திரும்பி வந்தான். கூடவே பெரிய கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். எந்தக் காலத்திலோ ஒரு ஜேர்மன்காரர் விஞ்ஞானப் புத்தகத்துக்காக வரைந்த சொறிமுட்டைகள். கடலில் குளிக்கிறவன் காலைச் சுட்டுவிட்டுப் போகுமே, அதே சொறிமுட்டைதான், இங்கிலீசில் ஜெலிஃபிஷ். பதினொன்று, ஒவ்வொன்றும் குஞ்சம் வைத்த குடை மாதிரி, கீழே லத்தீனில் பெயர். பெரிய வீடுகளில் இப்போது இதைத்தான் மாட்டுகிறார்களாம். ஹோலின் கொங்கிறீட் சுவரில் இருந்ததோ ஒரே ஒரு ஆணி. அதிலிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, றொஹான் சொறிமுட்டையை மாட்டினான். ஆண்டவருக்கென்று மேலே இரவு பகலாய் எரியும் சிவப்பு பல்ப் அப்படியே எரிந்தது.

மனைவி யோசெப்பின் தன் நெஞ்சில் கை வைத்தார். ஒஸ்வால்டுக்கு ஏச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் பிள்ளை மறுபடி போய்விடுவான். விழுங்கிக்கொண்டு, வடிவாக இருக்கிறது என்றார்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்ல வேண்டுமே. அந்த வாரம் வீடு வீடாகப் போகும் செபமாலைக் கூட்டம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. சிவப்பு பல்பைக் கண்டால் முழந்தாளிடுவது அந்தச் சனத்தின் பழக்கம். பல்புக்குக் கீழே என்ன தொங்குகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. இருபது பேர் சொறிமுட்டைக்கு முன்னால் ஐம்பத்துமூன்று மணிச் செபத்தையும் சொல்லி முடித்தார்கள். எழும்பிய பிறகுதான் கூட்டத்தை நடத்தும் றேணுகா, இது எந்த ஊர்ப் பக்தி என்று கேட்டார். றொஹான் பக்கத்தில் நின்றான். வெளிநாட்டுப் பக்தி, இங்கே இன்னும் பரவவில்லை என்றார் ஒஸ்வால்ட்.

மறுநாளே பரவிவிட்டது. றேணுகாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டதாம். கீழ்வீட்டுப் பத்மாவதி சைவக்காரி. அவரும் மல்லிகைச் சரம் கொண்டுவந்து சாத்தினார். மெழுகுதிரியோடு சனம் படிக்கட்டில் வரிசையில் நின்றது. றொஹான் வந்தவர்களைப் பார்க்காமல் தகப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒஸ்வால்டை இன்னும் பயப்படுத்தியது.

மூன்றாம் வாரம் பங்குத்தந்தையே வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு லத்தீனை வாசித்தார். முகம் சிவந்தது. உடனே இறக்கச் சொன்னார். ஒஸ்வால்ட் போய்ச் சுவரை மறித்துக்கொண்டு நின்றார்.

"பாதர், இது சொறிமுட்டை எண்டு எனக்கும் தெரியும். இறக்கினா மகன் போயிடுவான். இருக்கட்டும்."

றொஹான் குசினி வாசலிலிருந்து வந்தான். கண் கலங்கியிருந்தது.

"டடா, இது கடையில ஒருத்தரும் வாங்காத படம். நீங்க பழையபடி ஏசுவீங்க எண்டுதான் மாட்டினனான். மூண்டு கிழமையா ஒரு ஏச்சும் இல்ல. என்னை விருந்தாளியாக்கிப் போட்டீங்க எண்டு நினைச்சன்."

ஒஸ்வால்ட் சுவரை விட்டு அவனிடம் வந்தார். பிறகு ஏசத் தொடங்கினார். வங்கி வேலை, தாய்க்கு ஒரு போன்கூட எடுக்காத இரண்டு வருடம், தலைமயிர், காற்சட்டை என்று ஒன்றையும் விடவில்லை. பங்குத்தந்தைக்கு ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. றொஹான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிவரை கேட்டான்.