வெள்ளிக்கிழமை மீன் வடை

பார்க்டேலில் நான் வேலை செய்த தாய்லாந்து உணவகத்தில் தாய்லாந்துக்காரர் ஒரே ஒருவர்தான், முதலாளி அம்மா. சமையல் நடக்கும் குசினி முழுக்க யாழ்ப்பாணம். கடையின் பெயர்போன மீன் வடையைப் பொரித்தது, நாங்கள் எல்லாரும் அண்ணை என்று கூப்பிடும் பெரிய சமையல்காரர். அரைத்த மீனில் சிவப்பு மிளகாய்க் கூட்டும் பயற்றங்காயும் போட்டு, சட்டியில் அறைந்து அறைந்து பிசைவார். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடித் தின்றுவிட்டு, "அப்படியே பாங்கொக் ருசி" என்பார்கள். அண்ணை பாங்கொக்கில் கண்டது விமான நிலையத்துக் கக்கூஸை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அண்ணை விரதம். ஊரில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் கெதியாய் வந்து சேரவேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் வாயில் படக்கூடாதாம். முழங்கை வரை மீன் அப்பியிருக்கலாம், அதை முருகன் கவனிக்கமாட்டார் போலும். உப்புப் பார்ப்பது என் வேலை.

"நீ எல்லாம் தின்னிற ஆள்தானே, வா" என்பார்.

ஒரு வெள்ளி எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நானும் இண்டைக்கு விரதம், அண்ணை" என்றேன். அவர் உப்புக் கரிக்கும் மீன் சோஸை விடவில்லை என்று நினைத்து நானும் விட்டேன். அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். ஒருவரும் ருசி பார்க்காத வடை மகா பக்தியோடு மேசைக்குப் போனது.

ஐந்து தட்டுகள் திரும்பி வந்தன. பின்னாலேயே முதலாளி அம்மா.

"யார் ருசி பார்த்தது?"

விரதத்தைச் சொன்னோம்.

"இவ்வளவு மீனைப் பொரிக்க விடுகிற கடவுள் ஒரு வாய் தின்ன விடமாட்டாரா?" என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை, அதுதான் எரிச்சல். பிறகு அண்ணையிடம் திரும்பினார். "ருசி பார்க்காத சமையல்காரன் எனக்கு வேண்டாம். இப்போதே சாப்பிடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ."

குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து கூப்பிடத் திங்கட்கிழமை அண்ணை கொடுக்கவேண்டிய வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதும் இதே மனுசிதான். என் வீம்பால் வந்த வினை.

"நான் தின்னுறன், அண்ணை" என்று கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, ஒரு வடையை முழுதாக வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"உப்புக் கூடிப்போச்சு" என்று அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா போனதும் அண்ணை குழாயடியில் மூன்று தரம் வாய் கொப்பளித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"என்ரை மனிசி வந்தாப்பிறகு, நான் விரதம் முறிச்சதை ஒருநாளும் அவவுக்குச் சொல்லிப்போடாதை, தம்பி."