கற்பூரத்துக்கு என்ன சட்டம்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளிக்க வந்த உறவுக்காரர்கள் தங்கிக் கிளம்பிய மறுநாள், தென்காசியில் நான் வேலை பார்த்த வீட்டில் மருமகளின் மோதிரம் காணவில்லை. வந்துபோனவர்களை யாரும் கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கிறவள் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்?

வீட்டம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "போலீசெல்லாம் வேண்டாம். கோயில்ல வந்து கற்பூரத்த அணைச்சிரு. அதோட விட்டுருதேன்" என்றார். எனக்கு ஏதோ சலுகை காட்டுகிறாராம்.

எங்கள் பக்கத்தில் சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தால் அது சத்தியம். பொய்யாக அணைத்தால் குடும்பத்தில் உயிர் போகும் என்பார்கள். நான் எடுக்கவில்லைதான். ஆனால் என் மகளுக்கு அப்போது நிறைமாதம். பிரசவத்தில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், சாமி காட்டிக்கொடுத்துவிட்டது என்று ஊரே சொல்லும்.

வீட்டுவேலை செய்கிறவர்களின் சங்கக் கூட்டத்தில் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. திருட்டு என்றால் அவர்கள் புகார் கொடுக்கட்டும். பெண்களைப் போலீஸ் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். எல்லாம் சரி. கற்பூரத்துக்கு என்ன சட்டம் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே.

மாடன் கோயிலில் அக்கா கற்பூரம் ஏற்றினார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, பேசிவிட்டேன்.

"நான் அணைக்கேன்க்கா. ஆனா முதல்ல வீட்ல உள்ளவங்க எல்லாரும் அணைக்கட்டும். கடைசியா நான்."

அக்கா மகனைப் பார்த்தார். மகன் மனைவியைப் பார்த்தான். மருமகள் இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்களயே சத்தியம் பண்ணச் சொல்லுதியா?" என்றார் அக்கா. ஆனால் அவர் கையும் நீளவில்லை. கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது.

மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். புகார் எழுதலாம் என்றார்கள் சங்கத்துக்காரர்கள். மகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். பயம் அப்படி. கை வைக்காத கற்பூரத்துக்கே ஒவ்வொரு ராத்திரியும் பயந்து செத்தேன்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். அதன் பிறகுதான் மேலகரத்தில் ஒரு வீட்டுக்கு வேலை கேட்டுப் போனேன். அந்த வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கற்பூரத்த அணைக்க மாட்டேன்னது நீதானா?"