வலியக்கா செய்த பரிந்துரை

பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தில் அவருக்கு வலியக்கா என்றுதான் பெயர். பார்த்த வேலை அப்படி. டாக்டருக்கும் நர்ஸுக்கும் படிக்கிற பிள்ளைகள் நிஜ நோயாளியிடம் போவதற்கு முன்னால் பேசிப் பழக வேண்டுமே, அதற்காக நோயாளியாக நடிக்கிற வேலை. காலையில் ஒற்றைத் தலைவலி, மதியம் நெஞ்செரிச்சல், அதற்கப்புறம் மூட்டுவலி என்று முறை வைத்து வலித்துவிட்டு, சாயங்காலம் கல்லுக்குண்டு மாதிரி வீடு திரும்புவார். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கணவர், ஷட்டரை இறக்கிக்கொண்டே, "இன்னைக்கு எங்கெல்லாம் வலிச்சுது?" என்று கேட்பார்.

"உங்களைப் பார்த்ததுக்கப்புறம்தான் தலை வலிக்குது" என்பார் இவர்.

அந்த வேலைக்கு அவர் மனுப் போட்டு வரவில்லை. சண்டை போட்டு வந்தார்.

ஒரு காலத்தில் அவருக்கு நிஜமாகவே வயிற்றுவலி. பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "டென்ஷன்தாம்மா, நல்லா தூங்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒருநாள் வெளியே வந்தவருக்கு வந்ததே கோபம். தாழ்வாரத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, "ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்து எங்க வலிக்குதுன்னு கேட்டீங்களா? கம்ப்யூட்டரையே பார்க்கறீங்களே, அதுக்கா வயித்தை வலிக்குது?" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

காவலாளி ஓடி வந்தார். அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தார், பக்கத்து அறையில் வகுப்பை முடித்து வெளியே வந்த ஒரு விரிவுரையாளர். இவர் வயதுதான் இருக்கும். கையில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. இவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க. எங்க வலிக்குது?"

பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருந்தபோது அந்த விரிவுரையாளர் மறுபடி வந்தார்.

"உடம்பு தேறினதும் எனக்கு ஒரு உதவி பண்ணணும். அன்னைக்குக் கத்தினீங்களே, அதை என் வகுப்புல வந்து கத்தணும்."

"கேலி பண்றீங்களா டாக்டரம்மா?"

"சத்தியமா இல்ல. நான் சொன்னா பசங்க குறிப்பெடுத்துக்குவாங்க. நீங்க சொன்னாத்தான் உறைக்கும்."

போனார், கத்தினார், உறைத்தது. அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள். பிறகு தாழ்வாரத்தின் கோடியில் ஒரு அறையே ஒதுக்கப்பட்டது. ஒரு கட்டில், ஒரு திரை, இரண்டு நாற்காலி. ஓய்வு பெற்ற தபால்காரர், தையல்காரப் பெண், பஸ் கண்டக்டர் என்று நடிக்க ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வலிக்கக் கற்றுக்கொடுத்தவர் வலியக்கா. அந்த விரிவுரையாளரும் பேராசிரியராகி, மருத்துவப் புலம் முழுவதற்கும் டீன் ஆனார். ஆனாலும் வாரத்தில் ஒருநாள் அந்த அறையின் மூலையில் வந்து உட்காராமல் இருக்க மாட்டார்.

கெட்ட செய்தி சொல்லும் பாடத்தை மட்டும் டீன் வேறு யாரிடமும் விட்டதில்லை. "நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க. வாசல்ல வச்சுச் சொல்லாதீங்க. பேப்பர்ல எழுதி நீட்டாதீங்க. உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் தட்டுத்தடுமாறிச் சொல்லும் செய்தியைக் கேட்டு வலியக்கா அழுவார். பாதி நாள் அது நடிப்பாக இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒருநாள் காலை வேலைக்குப் போனால், அறைக் கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒட்டியிருந்த தாளில், இனிமேல் பயிற்சிக்குப் பேசும் பொம்மைகள் வாங்கப்படுவதாகவும், நடிப்பவர்களின் சேவைக்கு நன்றி என்றும் அச்சடித்திருந்தது. கீழே டீனின் கையெழுத்து.

தபால்காரர் சத்தமாகப் படித்தார். வலியக்கா நேரே கடைக்குப் போய் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டார். வேலை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்தத் தாளைத்தான் தாங்க முடியவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மகராசி, எனக்கு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க" என்று கணவரிடம் சொன்னார். அதற்கப்புறம் டீனின் கார் கடையைத் தாண்டும்போதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருக்கிற மெஷினை மறுபடி துடைப்பார். டீனும் இறங்கி வந்ததில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் துணை டீன் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வரவில்லை.

"அக்கா, டீன் மேடம் இந்த வருஷம் ரிட்டயர் ஆகறாங்க. வாழ்நாள் பணிக்கான விருதுக்கு அவங்களைப் பரிந்துரை பண்றோம். பரிந்துரைக்கறவங்கள்ல ஒருத்தர் டாக்டராவும் இருக்கக்கூடாது, வாத்தியாராவும் இருக்கக்கூடாதுன்னு விதி. நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

"நானா? நாங்க முகம் பார்த்துப் பேசியே எவ்வளவோ நாளாச்சு சார்."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சே வந்தீங்களா? பலே ஆளு சார் நீங்க."

யோசித்துச் சொல்வதாகப் பிடிகொடுக்காமல் அனுப்பிவிட்டார். சொல்லக்கூடாது என்றுதான் மனசுக்குள் நினைத்திருந்தார்.

அந்த வாரமே அவருடைய தங்கைக்கு மார்பில் இருந்த கட்டியைப் பரிசோதித்த முடிவு வரவேண்டியிருந்தது. துணைக்குப் போனார். உள்ளே இருந்தவர் சின்ன வயது டாக்டர். இவர்கள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் திரையை அந்தப் பக்கம் திருப்பிவைத்தார். மேஜையைச் சுற்றி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "நீங்க பயந்த மாதிரிதாம்மா இருக்கு. ஆனா சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம். முழுசா குணப்படுத்தலாம்" என்றார். தங்கை அழுது முடிக்கும்வரை அவசரப்படாமல் இருந்தார். பிறகு, "என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார். தங்கை கேட்டாள். முடி கொட்டுமா என்பதிலிருந்து, பேத்திக்குச் சடை பின்னலாமா என்பதுவரை கேட்டாள். வெளியே வரும்போது, "பயமாத்தான் இருக்கு. ஆனா நம்பிக்கையா சொல்றாருக்கா" என்று அவள் சொன்னது வலியக்காவின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

வாசல்வரை வந்த டாக்டரை, "தம்பி, நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "என்னைத் தெரியலையா அக்கா? பரீட்சையில எனக்கு நெஞ்சுவலியா வந்தீங்களே! டீன் மேடம் என்னை ஃபெயிலாக்கினாங்க."

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அங்கிருந்தே துணை டீனுக்குப் போன் செய்தார். "சார், நான் சொல்றேன். ஆனா நீங்க எழுதிக்கொடுக்கறத நான் படிக்கமாட்டேன். நடந்தது நடந்தபடிதான் சொல்வேன், சம்மதமா?"

"சம்மதம் அக்கா" என்றார் துணை டீன், குரல் இறங்கி.

விருதுக் குழுவில் மூன்று பேர். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பித்தப்பைக் கல்லில் ஆரம்பித்துத் தங்கையின் டாக்டர்வரை வலியக்கா ஒன்று விடாமல் சொன்னார். கதவில் ஒட்டிய தாளையும் விடவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த துணை டீன் தலையைக் குனிந்துகொண்டார்.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குறையும் சொல்றீங்க, பரிந்துரையும் பண்றீங்க. எதை எடுத்துக்கறது நாங்க?"

"ரெண்டையும் எடுத்துக்கோங்க ஐயா. குறையே இல்லாத ஆள்தான் வேணும்னா, அந்தப் பொம்மைக்குத்தான் விருது குடுக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். வலியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவது அவருக்கு மனசு கேட்கவில்லை. நேரே மாடியேறி டீன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

டீன் எழுந்து நின்றுவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"கீழ உங்களைப் பத்திச் சொல்லிட்டு வரேன் டாக்டரம்மா. நல்லதும் சொன்னேன், நோட்டீஸ் ஒட்டினதையும் சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

டீன் மேஜையை விட்டு வெளியே வந்தார். சோபாவில் இவரை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார்.

"அந்த அறையை மூடக்கூடாதுன்னு பல்கலைக்கழக மன்றத்துல ரொம்பப் போராடினேன். தோத்துட்டேன். தோத்த மூஞ்சியோட உங்க முன்னால வந்து நிக்க முடியல. கோழைத்தனம்தான். நான் சொல்லிக்கொடுத்த பாடத்துல நானே ஃபெயில்."

"நீங்க வந்து சொல்லியிருந்தா, கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். அவ்வளவுதானே?"

"அது தெரிஞ்சுதான் வரல" என்றார் டீன். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே டீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தங்கைக்கு நடந்ததை வலியக்கா சொல்ல, அவள் உடம்பைப் பற்றி விசாரித்தார். ஃபெயிலாக்கிய பையனைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததை வலியக்கா பிறகு கணவரிடம் பலமுறை சொல்லிக் காட்டினார்.

விருது வந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், குழு தன் அறிக்கையில் அந்த அறையைப் பற்றி விசேஷமாக எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டீன் கடைசியாக ஒருமுறை மன்றத்துக்குப் போனார். இந்தத் தடவை தோற்கவில்லை. ஊசி போடப் பழகப் பொம்மை, பேசிப் பழக மனுஷர்கள் என்று முடிவானது. முடிவு கையெழுத்தாகிற வரைக்கும்கூட டீன் காத்திருக்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, தெருவைக் கடந்து, கடைக்குள் வந்து சொன்னார்.

இப்போது அறையில் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமை ஒரு ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி முதுகுவலிக்கு வந்தார். கட்டிலில் விழுந்து புரண்டு, கூரையே பெயர்ந்துவிடும்போல அலறினார். மாணவி பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"சார், சார்" என்று வலியக்கா கையமர்த்தினார். "இது முதுகுவலி. பிரசவ வலி இல்ல. எந்திரிங்க, கொஞ்சம் அடக்கமா வலிக்கலாம்."