ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு தக்காளி

எங்கள் வீட்டுத் தக்காளிச் செடிகள் ஜீப்பில் போய் வெயில் காய்ந்துவிட்டு வரும். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கொடைக்கானலில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல அவை பழனி ரோட்டிலிருக்கிற வடகவுஞ்சிக்குப் போயின, அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரத்துப் பக்கம் தக்காளி விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். மலைமேல் மாப்பிள்ளை பார்த்து முடித்தது அவளுடைய அப்பா. அவளுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. வந்த நாள் முதல் குளிரில் விரல்கள் வீங்கின. கொடியில் போட்ட துணி வாரக்கணக்கில் காயவில்லை. சன்னலைத் திறந்தால் பனி சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரம் பண்டமெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக வெளியே போகும். எனக்கு அது பிடித்த விருந்தாளி. சித்திக்கோ அழுகை வந்துவிடும்.

புரட்டாசி மழையில் அவளுடைய அப்பா ஒரு சாக்குத் தக்காளியோடு மகளைப் பார்க்க வந்தார். சித்தி அவரை வாங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"தக்காளிகூடப் பழுக்காத ஊருல என்னயக் கொண்டாந்து விட்டுட்டீங்களேப்பா" என்றாள்.

அவர் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஊரிலிருந்து போன் வந்தால் சித்தி அவளுடைய அம்மாவோடு மட்டும் பேசுவாள். அப்பா பேச வந்ததும் போனை என் அம்மாவின் கையில் திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

சாக்கின் அடியில் நசுங்கிக் கிடந்த பழங்களைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள். பழைய பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, நானும் அவளுமாக மண் நிரப்பினோம்.

"பழுத்தா இருக்கேன் கண்ணு. பழுக்கலைன்னா தை மாசம் எங்க ஊருக்கே போயிருவேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாளோ என்னவோ. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வலிக்காமல் என் தலையைச் சிக்கெடுக்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவள் போய்விடக் கூடாது. அதனால் அந்தச் செடிகள் சாகக் கூடாது.

தக்காளிக் காட்டில் பிறந்தவளுக்குத் தொட்டியில் வளர்க்கத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊர்ப் பழக்கத்தில் காலையும் மாலையும் தண்ணீரைக் கொட்டினாள். எங்கள் ஊரில் அந்தச் சோலியைப் பாதிக்குமேல் பனியே பார்த்துக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முளைத்ததில் பெரும்பாலானவை அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. மிஞ்சிய மூன்றுக்கும் குச்சி நட்டுச் சேலைக் கிழிசலால் கட்டினோம். வளர்ந்தன, மஞ்சளாகப் பூக்கவும் செய்தன. பூத்ததெல்லாம் பிஞ்சு விடாமல் வாளியைச் சுற்றி உதிர்ந்து கிடந்தது. சித்தி அதைப் பெருக்கவே மாட்டாள்.

சித்தப்பா டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லிக் காட்டுகிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் வாயே திறக்க மாட்டார். கட்டிய மனைவியிடம் பேசவும் கூச்சம். ஒரு நாள் காலையில் வாசலில் பனியைப் பார்த்தபடி நின்று, "இன்னிக்கும் ஒரே மிஸ்ட்டாக் கெடக்கு" என்றார். பிறகு மூன்று வாளிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார்.

"ஏங்க, செடிய எங்க கொண்டு போறீங்க?" என்று சித்தி ஓடிவந்தாள்.

"வடகவுஞ்சிக்குச் சவாரி. அங்கிட்டு நல்ல வெயிலு. பொழுது சாய வெரசா கொண்டாந்துருவேன்."

கல்யாணமான பிறகு அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு பனி மூடிய நாளெல்லாம் செடிகள் சவாரி போயின. பின்கதவுக்கு மேலே இலைகள் ஆடிக்கொண்டே போகும். முதலில் ஜீப் பனிக்குள் மறையும், பிறகு அதன் சத்தம். தக்காளி இலையின் வாசனை மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை நானும் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். ஏதோ ஒரு வளைவில் பனி சட்டென்று முடிந்து, நாங்கள் எல்லோரும் மஞ்சள் வெயிலுக்குள் விழுந்தோம். சித்தப்பா வாளிகளைச் சாலையோரச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். கீழே மேகம் மெத்தைபோலக் கிடந்தது. நான் தூங்கிப்போனேன்.

பூக்கள் உதிர்வது நின்றது. கடுகளவில் பிஞ்சு பிடித்தது. வெயில்தான் காரணம் என்று வீடே பேசிக்கொண்டது. தக்காளிப் பூவை யாராவது உலுக்கினால்தான் காய் பிடிக்கும், சமவெளியில் அந்த வேலையைக் காற்று செய்கிறது என்பதை நான் கல்லூரியில்தான் படித்தேன். எங்கள் செடிகளுக்கு அதைச் செய்தது பழனி ரோட்டுக் குண்டும் குழியும்.

தை மாதம் ஒரே ஒரு காய் பழுத்தது. சித்தி இருப்பாள். அந்தச் சந்தோஷத்தில் நான் அதை மனசுக்குள் வீட்டிலிருக்கிற ஐந்து பேருக்கும் ஐந்து துண்டாக நறுக்கி, பெரிய துண்டை எனக்கு ஒதுக்கியும் வைத்துவிட்டேன். சித்தி அதைப் பறித்தாள். துவைத்து வைத்திருந்த என் கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு முடிந்தாள். சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"பழனிச் சவாரிதானுங்களே. அப்படியே ஒரெட்டு ஊருக்குப் போயி எங்கப்பாகிட்டக் குடுத்துட்டு வந்துருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. லாரி லாரியாகத் தக்காளி ஏறுகிற ஊர் அது. விலை இறங்கினால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள், மாடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் என்று சித்தியே சொல்லியிருக்கிறாள். அந்த ஊருக்கு இங்கிருந்து ஒரு தக்காளியா?

"போட்டோ எடுத்து அனுப்புனாப் போதாதா சித்தி?"

"போட்டோவத் தொட்டுப் பாக்க முடியுமா கண்ணு?"

பொழுது சாய்கிற நேரத்தில் சித்தப்பா திரும்பி வந்தார். சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. குடுத்த டீ ஆறிப்போச்சு."

"சாப்பிட்டாரா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கு என்னிடம் கொடுத்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அம்மா எடுக்கப் போனாள். அதற்குள் சித்தியே எடுத்துவிட்டாள்.

"அப்பா" என்றாள்.

அதோடு சரி. அந்தப் பக்கமிருந்தும் ஒரு சத்தமில்லை. போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, பச்சைக் காய்கள் தொங்கிய வாளிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். பனி இறங்கினால் எங்கள் தெருவில் போன் இப்படித்தான் ஆகும். நான் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, டவர் இல்ல. கட் பண்ணிட்டுத் திருப்பிப் போடுங்க."

அவள் போனைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் என் வாயை மெல்லப் பொத்தினாள். உள்ளங்கையெல்லாம் தக்காளி இலை வாசனை. இவ்வளவு நேரமாகியும் டவர் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு நானும் அப்படியே நின்றேன்.