இடம் மாறிய முளைக்குச்சிகள்

நொசிகுவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ஆற்றுத்துறையில் மீன் வறுத்து விற்பவள். லாரிக்காரர் கொடுக்கும் நோட்டை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மடியில் செருகுவாள். நான் அந்தத் துறையில் லாரிகளை ஜாம்பேசி ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையை ஓட்டினேன். தினம் அவள் கடையில்தான் எனக்கு மரவள்ளிக் களியும் மீனும். இருந்தும், என் மீதும் அவளுக்குச் சந்தேகக் கண்தான்.

தலைநகரிலிருந்து அதிகாரிகளும் ஒரு முதலீட்டுக் கம்பெனிக்காரர்களும் வந்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம்முடையது கடல் இல்லாத நாடு, சாலைதான் நமக்குத் துறைமுகம் என்றார் ஒரு அதிகாரி. பாலம் வரும், தார்ச்சாலை வரும், மூன்று நாட்டு லாரிகள் இந்த வழியே போகும். சாலையோரத்தில் லாரிப்பேட்டை, பெட்ரோல் பங்க், மீனுக்குக் குளிர்கிடங்கு எல்லாம் கம்பெனி கட்டும். ஊர் கைதட்டியது. நொசிகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனிக்கு உள்ளூர் ஆளாக இருந்தவன் லிஸ்வானிசோ, நொசிகுவின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. கூட்டம் முடிந்ததும் அவளிடம் வந்தான்.

"என்ன அண்ணி, உங்க முகத்துல மட்டும் சந்தோஷத்தையே காணோம்?"

"நீ புதுச் சப்பாத்து போட்டிருக்கே. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் சிலேலோ என்ற இளம் சர்வேயர் அக்கரையில் கூடாரம் போட்டு, தினமும் என் மிதவையில் வந்து அளந்தாள். சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனாள். ஊருக்குக் கிழக்கே, வெறும் புல்வெளி வழியாகத்தான் சாலைக்கோடு போனது. அளந்து முடித்துவிட்டு அவள் அக்கரை வேலைக்குத் திரும்பினாள்.

கொஞ்ச நாளில் குச்சிகள் நொசிகுவின் மரவள்ளித் தோட்டத்துக்குள் நின்றன. இன்னும் சில வீடுகளின் முற்றத்திலும் நின்றன. கோடு மாறிவிட்டது என்று லிஸ்வானிசோ வீடு வீடாகச் சொன்னான். "சாலை எப்படியும் எடுத்துக்கும். அரசாங்க நஷ்டஈடு என்னைக்கு வருமோ யாருக்குத் தெரியும்? இப்பவே கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தா ஏதோ கையில வரும்." பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள்.

நொசிகு குச்சிகளையே சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் தோட்டம் வரை வந்த கோடு, பக்கத்து வீட்டு முத்தும்பாவின் வேலியை உரசாமல் ஒதுங்கிப் போயிருந்தது. சிறுவயதிலிருந்து ஒரே ஓடத்தில் மீன் பிடித்தவர்கள் இருவரும். மறுநாள் காலையில், துறையில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"உன் வீட்டைச் சாலை மட்டும் மரியாதையா சுத்திக்கிட்டுப் போகுதே, முத்தும்பா. யாருக்கு என்ன கொடுத்தே?"

முத்தும்பா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "என்கிட்டயா கேக்கறே?"

"வேற யார்கிட்ட கேக்க?"

முத்தும்பா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லாரிக்காரன் ஒருவன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சுக்குப் போனது. நொசிகு மட்டும் தோட்டத்துச் செடிகளுக்குள் உட்கார்ந்திருந்தாள். பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் கம்பெனி ஜீப் வந்தது. லிஸ்வானிசோவும் டிரைவரும் இறங்கினார்கள். ஒருவன் புல்வெளியில் மிச்சமிருந்த குச்சியைப் பிடுங்கிவர, மற்றவன் அதை எதிர்வீட்டு முற்றத்தில் அடித்தான். அவள் கத்தவில்லை. குனிந்தபடியே துறைக்கு வந்தாள்.

"மிதவையை எடு, அண்ணே. அந்தச் சர்வேயர் பொண்ணைக் கூட்டிட்டு வரணும்."

"வண்டி எதுவும் இல்லாம எடுத்தா என்னைத் திட்டுவாங்கம்மா."

"நீயும் அவங்க ஆளா?"

மிதவையை எடுத்தேன்.

சிலேலோ கருவியோடு வந்து இறங்கினாள். சர்ச்சிலிருந்து வெளியே வந்த ஊர் முழுக்க அவளைச் சுற்றி நின்றது. அவள் குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில், "இங்க நான் ஒண்ணுகூட அடிக்கலையே," என்றாள். ஊர்த்தலைவர் திரும்பிப் பார்த்தார். லிஸ்வானிசோ ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அண்ணி, நம்ம குடும்ப விஷயத்தை வீட்டுல பேசிக்கலாம்," என்றான்.

"என் தோட்டத்துல குச்சி அடிக்கும்போது குடும்பம் ஞாபகம் வரலையா?"

காலையில் கண்ணால் பார்த்ததை நொசிகு ஊர் முன்னால் சொன்னாள். சாலை எடுக்கும் என்று பயம்காட்டி, வீட்டு நிலங்களைக் குறைந்த விலைக்கு வளைத்து லாரிப்பேட்டை போடுவதுதான் திட்டம் என்று அவனே சொல்ல வேண்டியதாயிற்று. முத்தும்பாவுடைய நிலம் ஆற்றுப்பள்ளம். மழைக்கு மூழ்கும் இடம் கம்பெனிக்கு வேண்டாம். அதனால்தான் குச்சி ஒதுங்கிப் போயிருந்தது. லிஸ்வானிசோ அந்த வாரமே ஊரைவிட்டுப் போனான். கம்பெனியும் வரவில்லை.

சாலை புல்வெளி வழியாகவே வந்தது, பாலமும் வந்தது. வேறொரு கம்பெனி லாரிப்பேட்டைக்கு நிலம் கேட்டபோது, வாடகைக்குத்தான் தரவேண்டும் என்று நொசிகு பிடிவாதமாக நின்றாள். ஊரும் அவள் பின்னால் நின்றது. அங்கே இப்போது அவளுக்குத் தகரக் கூரை போட்ட கடை. மிதவை நின்றுபோனதால் நான் பேட்டையில் காவலுக்கு இருக்கிறேன்.

கடை திறந்த அன்று முத்தும்பாவை அழைக்க நொசிகுவே போனாள்.

"நீ ஊரையே சந்தேகப்பட்டே. அதுல தப்பில்ல, அதனாலதான் நிலம் தப்பிச்சுது," என்றாள் முத்தும்பா. "ஆனா என்கிட்ட வீட்டுக்குள்ள வந்து கேட்டிருக்கலாம்ல?"

இருவரும் இன்றும் உப்பும் நெருப்பும் வாங்கிக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஓடத்தில் மட்டும் ஏறுவதில்லை.