பேப்பரில் வலி இல்லை

உயிரோடு எதிரில் வந்து நிற்கிறவரிடமே, உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிற வேலை என்னுடையது. கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த அரசு அலுவலக கிளார்க் நான். பேப்பரில் இல்லாததை நம்பக்கூடாது என்று பழகிப்போனவன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

என் மகளுக்கு ஏழு வயதில் வலது முட்டி வீங்கியது. குழந்தைகளுக்கு வருகிற மூட்டு அழற்சி என்றார் நாமக்கல் டாக்டர். மாத்திரை கொடுத்து, மாதம் ஒருமுறை இ.எஸ்.ஆர். பார்க்கச் சொன்னார். குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக அடியில் இறங்கினால், உடம்புக்குள் அழற்சி அதிகம் என்று அர்த்தமாம். இருபதுக்குள் இருக்க வேண்டியது, முதல் தடவை அறுபத்திரண்டு.

நாமக்கல்லுக்கு இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அவளுக்கு வாந்தி வரும். பாவமாக இருந்தது. அதனால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் இறக்கினேன். இங்கே மிளகு, பலாப்பழம், ஜாதகம் எல்லாம் பஸ்ஸில் தனியாகத்தான் இறங்குகின்றன. காலையில் நர்ஸ் எடுத்துத் தருகிற குழாயை டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். கீழே லேப்காரர் சாவகாசமாக மதியத்துக்கு மேல் வந்து வாங்கிக்கொள்வார். சாயங்காலம் செல்போனில் ரிசல்ட் வரும். பதினெட்டு. அடுத்த மாதம் பன்னிரண்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளோ காலையில் பாயிலிருந்து எழவே சுவரைப் பிடித்தாள்.

"வலிக்குதுப்பா."

"இல்ல கண்ணு, கொறஞ்சிருச்சு. பாரு, பன்னெண்டுதான்."

அவள் செல்போனைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முட்டி வீங்கித்தான் தெரிந்தது. எண்ணோ, வீக்கம் இல்லை என்றது. கடைசியில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று முடிவுகட்டினேன். டாக்டர் போனில் "முட்டி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டபோது, "நல்லா இருக்குதுங்க" என்றேன். மாத்திரையைக் குறைத்தார்.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தரையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. தூக்கிக்கொண்டு மலை இறங்கினேன். அங்கேயே ரத்தம் எடுத்து உடனே பார்த்தார்கள். எழுபத்தொன்று.

"ஏனுங்க, போன தடவ ரத்தம் எடுத்து எத்தன மணி நேரம் கழிச்சுப் பாத்தாங்க?" என்றார் டாக்டர். "நேரமாயிட்டா சரியா எறங்காதுங்க. கொறச்சுத்தான் காட்டும்."

அப்படியானால் தப்பு பஸ்ஸில்தானே என்று கொஞ்சம் ஆறுதலாகக் கேட்டேன்.

"அதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சில பிள்ளைங்களுக்கு முட்டி வீங்கியிருக்கும், நம்பர் நல்லாவே இருக்கும்."

இரண்டில் எது நடந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் பன்னிரண்டோ எழுபத்தொன்றோ, பிள்ளை வலிக்கிறது என்று சொன்னாள். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மாத்திரை பழைய அளவுக்கு ஏறியது. இப்போது மாதாமாதம் வாந்திக்குக் கவரை எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே இறங்குகிறோம்.

போன வாரம் அப்படிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமானதால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் வந்தோம். மறுநாள் காலையில் அவள் பாயருகே உட்கார்ந்து, "இன்னைக்கு வலிக்குதா சாமி?" என்று கேட்டேன்.

அவள் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியலப்பா. ரிசல்ட் இன்னும் வரலியே" என்றாள்.